ஆஸ்டர்பெர்க் அம்மையார்

நம் நாட்டுப் பெண்பள்ளிகள் பலவற்றில் சிறுமியர் அணிந்துவரும் மடிப்பு வைத்த கையில்லா மேலுடையை அறியாதார் இலர். பினபோர் என்று அதனை வழங்குகிறோம். அவ்வுடை யாது கருதி முதன்முதல் தைக்கப்பெற்றது என வினவின், விடை கூறவல்லார் மிகச் சிலரே. பெண்மக்கள் கயிறு பற்றி ஏறுதல் வேண்டும். குறுக்குக் கட்டையில் தொங்குதல் வேண்டும். இரு கைகளையும் தலைக்குமேல் தடையின்றி உயர்த்துதல் வேண்டும். இவற்றிற்கு ஏற்றதாகவே அதன் முன்னோடியாகிய உடை 1892-ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் தைக்கப்பெற்றது. அதனை வகுத்தவர் மேரி டெயிட் என்னும் மாணவியார் என்பர். அம்மாணவியார் பயின்ற கல்லூரியை நிறுவி, முப்பது ஆண்டுகள் தம் ஒரு கையாலேயே நடத்திவந்தவர் மார்த்தினா பெர்க்மன்-ஆஸ்டர்பெர்க் அம்மையார். அவருடைய வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

பெண்கள் தோளையும் மேல்முதுகையும் பயிற்சியால் வலிமைப்படுத்தலாமா என்னும் வினா இன்றும் நம் இல்லங்களில் எழக் காண்கிறோம். பெண் நடக்கலாம், ஓடலாம், பந்தாடலாம். அவற்றிற்குத் தடை கூறுவார் இக்காலத்துக் குறைவு. ஆனால் தோளுக்குப் பயிற்சி என்றவுடன் வீட்டிலுள்ள பெரியோர் முகம் சுளிக்கின்றனர். தோள் அகன்றுவிடும், முதுகு ஆண்பிள்ளை முதுகாகிவிடும், சட்டை பொருந்தாது, வரன் அமையாது என்றெல்லாம் கூறக் கேட்கிறோம். இவ்வச்சம் நம் நாட்டிற்கே உரியதன்று, புதியதும் அன்று. அம்மையார் லண்டன் மாநகரில் அடியெடுத்து வைத்தபோது அங்கும் இதுவே பேச்சாக இருந்தது.

அம்மையார் 1849-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 7-ஆம் நாள், ஸ்வீடன் நாட்டின் தென்கோடியிலுள்ள ஸ்கோன் மாகாணத்தில், ஹம்மர்லுண்டா என்னும் ஊரில் உழவர் குடியிற் பிறந்தார். இளமையில் வீட்டாசிரியையாகவும், பின்னர் நூலகப் பணியிலும் இருந்தார். முப்பது வயதை அடையும் காலத்தில், அஃதாவது ஏனையோர் வாழ்க்கை ஒரு வழியில் அமைந்துவிட்டதென்று அமரும் பருவத்தில், அவர் மீண்டும் மாணவியானார். 1879 முதல் 1881 வரை ஸ்டாக்ஹோம் நகரத்து அரசினர் உடற்பயிற்சி நிலையத்திற் பயின்று தேர்ந்தார்.

அந்நிலையத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கூறாக்கால் அம்மையாரின் பணி விளங்காது. அதனை 1813-ல் நிறுவியவர் பெர் ஹென்றிக் லிங் என்பவர். அவர் வாட்போர் ஆசிரியர், கவிஞருங்கூட. வாட்பயிற்சியால் தம் கையிலிருந்த நோய் நீங்கக் கண்டு, உடலசைவிற்கும் உடல்நலத்திற்கும் உள்ள தொடர்பை ஆராயத் தலைப்பட்டார் என்று கூறுவர். அவர் வகுத்த முறையில் பளுத் தூக்குதல் இல்லை. உடலின் எடையே பளு. ஆசிரியர் ஆணையிட, மாணாக்கர் குறித்த நிலையில் நின்று, குறித்த அசைவைப் பிழையறச் செய்தல் வேண்டும். ஒரு நாட்பயிற்சிக்கென வரிசை ஒன்றும் பின்னர் வகுக்கப்பட்டது. அவ்வரிசையில் முதுகை வளைத்து மார்பை விரித்தல், கட்டையிலோ கயிற்றிலோ தொங்கி உடலை மேலே இழுத்தல், ஒற்றைக்காலில் நிலைபெறுதல், தோட்பட்டைகளைப் பின்னோக்கிச் சேர்த்தல், வயிற்றுத் தசைப்பயிற்சி, நடை, தாண்டுதல், இறுதியில் மூச்சுப்பயிற்சி என ஒவ்வொன்றிற்கும் இடமுண்டு. தோட்பட்டைக்கெனத் தனியே ஒரு பகுதி அமைத்தது கருதத்தக்கது.

அதன் காரணம் உடலமைப்பை அறிந்தார்க்கு எளிதில் புலனாகும். நம் தோட்பட்டை எலும்பு முதுகின்மேல் மிதப்பது போன்றது. காறை எலும்பின் வழியாக மார்பெலும்போடு கொண்ட சிறு மூட்டு ஒன்றைத் தவிர, நடுவுடலின் எலும்புகளோடு அதற்கு வேறு பிணைப்பில்லை. ஏனைய பிடிப்பெல்லாம் தசைகளாலாயது. கழுத்திலிருந்து நடுமுதுகு வரை விரிந்து கிடக்கும் தசையும், முதுகெலும்பிலிருந்து தோட்பட்டைக்குச் சாய்வாகச் செல்லும் தசைகளும் தளர்ந்தால் தோள் முன்னே சரியும், மார்பு குழியும், தலை முன்னே நீளும். மேசைமேற் குனிந்து நாள்தோறும் எழுதும் மாணாக்கர் இதனைத் தம் உடலிலேயே காணலாம். இக்கட்டுரையை எழுதும் யானும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே.

இங்கிலாந்து நாட்டார் இக்குறையை அறியாமல் இல்லை. அறிந்தும் அவர் கண்ட மருந்து விந்தையானது. கூன் விழாதிருக்கப் பெண்குழந்தைகளின் முதுகிற் பலகையைக் கட்டி உட்காரவைக்கும் வழக்கம் உயர்குடியினரிடையே நெடுங்காலம் நிலவிற்று. பருவமடைந்த பின் இடையையும் விலாவையும் இறுக்கும் கார்செட் என்னும் கச்சு வந்தது. எலும்பும் தசையும் செய்யவேண்டிய வேலையைப் பலகையும் கச்சும் செய்தன. வேலையில்லாத தசை மேலும் மெலியும். மெலிந்தமையால் கச்சின்றி நிமிர இயலாது. நிமிர இயலாமையால் பெண் இயல்பாகவே வலியிலள் என்று முடிவு கட்டப்படும். இச்சுழலில் அகப்பட்டோர் தாம் சுழல்வதை உணரவில்லை.

இதற்கு மருத்துவரின் துணையும் இருந்தது. 1873-ல் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்து மருத்துவர் எட்வர்டு கிளார்க்கும், 1874-ல் லண்டன் மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லியும், பெண்ணுடலில் உள்ள ஆற்றல் ஓர் அளவிற்கு உட்பட்டதென்றும், அதனைக் கல்வியிற் செலவிட்டால் தாய்மைக்கு வேண்டிய ஆற்றல் குன்றுமென்றும் எழுதினர். மருத்துவத்தில் தேர்ந்த பெண்மணியாகிய எலிசபெத் காரட் ஆண்டர்சன் அம்மையார் அவ்வாண்டே மாட்ஸ்லிக்கு மறுப்பு எழுதினார். பெண்களின் நலிவிற்குப் படிப்பு காரணமன்று, வேலையின்றி வாளா இருத்தலே காரணம் என்பது அவர் கொள்கை. எழுத்தில் நிகழ்ந்த இப்போர் முடிவு பெறாமலே நின்றது. நூலெழுதித் தீராத வழக்கைச் செயலாற் காட்டித் தீர்க்க ஒருவர் வேண்டியிருந்தது.

ஈண்டு ஒன்று கூறாதிருக்க என்னால் இயலவில்லை. இவ்வறிஞர்கள் பெண்ணுடலின் மென்மையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த அதே வேளையில், அவர்கள் வீட்டு மாடிகளுக்குக் கரிப்பெட்டிகளைச் சுமந்து ஏறியோரும் பெண்களே. நனைந்த துணிகளை முறுக்கிப் பிழிந்த சலவைக்காரிகளும் பெண்களே. அவர்கள் தோள் அகலுமென்று எவரும் கவலையுற்றதாகத் தெரியவில்லை. நம்மிடையேயும் குடம் குடமாக நீர் சுமந்தும், உலக்கை ஓச்சி நெல் குற்றியும் வாழ்ந்த பாட்டியரின் தோளைக் கண்டு அழகு கெட்டதென்று வருந்தியவர் உண்டோ? பிறருக்காகச் சுமக்குங்கால் எழாத ஐயம், தனக்காக ஒரு பெண் கை உயர்த்தும்போது மாத்திரம் எழுகின்றது.

1870-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த லண்டன் பள்ளிக் கழகம், ஏழைச் சிறுமியர்க்கு உடற்பயிற்சி கற்பிக்க வேண்டுமென்று கருதி, 1879-ல் கன்கார்டியா லோவிங் என்னும் ஸ்வீடன் நாட்டுப் பெண்மணியை அமர்த்திற்று. அவருக்குப்பின் அவ்விடத்திற்கு 1881-ல் தேர்ந்தெடுக்கப்பெற்றவரே நம் அம்மையார். பெண்கள் பள்ளிகளுக்கும் குழந்தைகள் பள்ளிகளுக்கும் உடற்பயிற்சி மேற்பார்வையாளர் என்பது அவர் பதவி. பள்ளிகளோ நூற்றுக்கணக்கின, மேற்பார்வையாளரோ ஒருவர். தாமே எல்லாரையும் பயிற்றுதல் கூடாதென்று கண்ட அம்மையார், ஆசிரியைகளைத் திரட்டிப் பயிற்றத் தொடங்கினார். ஆறாண்டுகளுள் ஏறக்குறைய 1,300 ஆசிரியைகள் அவரிடம் பயின்றனர். 276 பள்ளிகளில் லிங்கின் முறை நடைமுறைக்கு வந்தது. 1887-ல் தொடக்கக் கல்வியை ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் முன் நின்று சான்றும் கூறினார்.

இவ்வளவிலே நின்றிருப்பின் அவர் வாழ்க்கை ஒரு நல்ல அதிகாரியின் வாழ்க்கையாக முடிந்திருக்கும். அவர் நிற்கவில்லை. 1885-ல், கழகப் பணியில் இருக்கும்போதே, லண்டனின் வடபுறத்திலுள்ள ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பெண்களுக்கென உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தம் பொறுப்பில் தொடங்கினார். 1886-ல் எட்வின் ஆஸ்டர்பெர்க் என்னும் ஸ்வீடன் நாட்டு அறிஞரை மணந்தார். தம் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார். மணமான ஆசிரியை வேலையை விடுதல் பெருவழக்காயிருந்த அந்நாளில் அம்மையார் விடவில்லை. பின்னர்க் கழகப் பதவியைத் துறந்து, முழுவதும் கல்லூரிக்கே உரியவரானார்.

இத்துறவைப் பற்றி என் உள்ளம் இன்னும் அமைதியடையவில்லை. கழகப் பள்ளிகளின் சிறுமியர் பசித்த வயிற்றோடு வந்தனர். நெரிசலான இல்லங்களில் வாழ்ந்தனர். அவ்வுடல்களில் பயிற்சி வேர்கொள்ளாதென்று அம்மையார் கண்டார்; ஆகவே உணவிற்குக் குறைவில்லாத நடுத்தரக் குடும்பத்துப் பெண்களின்பால் திரும்பினார். அவர் கண்டது உண்மையே. உண்ணாத உடலில் தசை வளராது என்பதை எவரும் மறுக்கார். ஆயினும் பசித்தவர்களைப் பசியோடு விட்டுப் போதல் முறையோ என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. அவர் பக்கம் நின்று ஒன்று கூறலாம். அவர் பயிற்றியது மாணவிகளை அன்று, ஆசிரியைகளை. ஒருத்தி நூற்றுவர்க்குக் கற்பிப்பாள் என்பது அவர் கணக்கு. 1906-ல் பள்ளிக் குழந்தைகளுக்கு உணவளிக்க இடந்தரும் சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறியது. 1909-ல் கல்வித்துறை தொடக்கப் பள்ளிகளுக்கு வெளியிட்ட பயிற்சித் திட்டம் ஸ்வீடன் முறையையே தழுவியது. விட்டுவந்த சிறுமியரின் தங்கையர்க்கும் மகளிர்க்கும் உணவும் பயிற்சியும் இருபதாண்டு கழித்து வந்து சேர்ந்தன. கணக்கு பிழைபடவில்லை, காலந்தான் நீண்டது.

கல்லூரியின் கல்வி ஈராண்டு. வந்து சேர்ந்த பெண் முதலில் கார்செட்டைக் களைதல் வேண்டும். பின்னர் உடற்கூறும் உடலியலும் சுகாதாரமும் கற்றல் வேண்டும். எத்தசை எவ்வெலும்பை இழுக்கிறது என்று அறியாதார்க்குப் பயிற்சி கற்பிக்கும் உரிமை இல்லை என்பது அம்மையாரின் விதி. நோயுற்றோர்க்குரிய பயிற்சியும் தசை பிடித்துவிடும் முறையும் பாடத்தில் அடங்கின. சுவரிற் பொருத்திய படிச்சட்டங்கள், குறுக்குக் கட்டை, தொங்கும் கயிறுகள், தாண்டுதற்குரிய மரக்குதிரை ஆகியன கூடத்தில் இருந்தன. படிச்சட்டத்தைத் தலைக்குமேற் பற்றி மார்பை முன்னே வளைத்து நிற்பதும், கட்டையில் தொங்கியவாறே கைமாற்றிச் செல்வதும், கயிற்றில் ஏறுவதும் நாள்தோறும் நடந்தன. இவையெல்லாம் தோளும் மேல்முதுகும் செய்யும் வேலை என்பதைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை. நீண்ட பாவாடையோடு இவற்றைச் செய்வது எவ்வாறு? அவ்விடர்ப்பாட்டிலிருந்து பிறந்ததே முதலிற் கூறிய முழங்காலளவு மடிப்புடை.

அம்மையார் கண்டிப்பு மிக்கவர். தகுதியில்லை என்று தோன்றினால், படிப்பு நடுவில் இருப்பினும், மாணவியை வீட்டிற்கு அனுப்பிவிடுவார். அவரைப் போற்றியவர் பலர். அஞ்சியவர் அவரினும் பலர். இத்தகைய ஆசிரியரிடம் பயில நான் விரும்புவேனா என்று என்னையே வினவிக்கொண்டேன். விடை கூறாமல் மேலே செல்கிறேன்.

அசைவுப் பயிற்சி ஒன்றே போதுமென அவர் கருதவில்லை. கிரிக்கெட்டு, ஹாக்கி, லக்ராஸ், டென்னிஸ், நீச்சல் ஆகியவற்றையும் சேர்த்தார். நெட்பால் ஆட்டத்தின் தொட்டிலும் இக்கல்லூரியே. அமெரிக்க நாட்டில் 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த கூடைப்பந்தாட்டத்தை, 1893-ல் அங்கிருந்து வந்த டோல்ஸ் என்பவர் ஹாம்ப்ஸ்டெட் மாணவியர்க்குக் காட்டினார். சுவரில் குப்பைக்கூடைகளை மாட்டி அவர்கள் ஆடத் தொடங்கினர். பின்னர்ப் புல்வெளிக்குச் சென்றது, கூடை வளையமாயிற்று, விதிகள் 1901-ல் அச்சேறின. இவ்விதிகளை வெளியிட்டது அம்மையாரின் பழைய மாணவியர் 1899-ல் தொடங்கிய லிங் சங்கம். அச்சங்கத்தில் அம்மையார் சேரவில்லை என்பது வியப்பிற்குரியது. தாம் வளர்த்தவர்கள் தம்மைக் கேளாமலே தாமாக நின்றதை அவர் பொறுக்கவில்லை போலும். பெண்களை நிமிர்ந்து நிற்கப் பயிற்றியவர்க்கு, அவர்கள் தம் முன்னும் நிமிர்ந்து நின்றது கசந்தது. பெரியோரிடத்தும் இச்சிறுமை காணப்படுதல் உண்டு.

1895-ல் கல்லூரி, கென்ட் மாகாணத்து டார்ட்போர்டு ஊர்ப்புறத்தில் கிங்ஸ்பீல்டு என்னும் பெரிய மனைக்கு மாறியது. அங்கிருந்து வெளிவந்த பெண்கள் தாமே கல்லூரி காணத் தலைப்பட்டனர். ரோடா ஆன்ஸ்டி அம்மையார் 1897-ல் ஒன்று நிறுவினார். மார்கரெட் ஸ்டான்ஸ்பீல்டு அம்மையார் 1903-ல் பெட்போர்டு நகரில் மற்றொன்று நிறுவினார். பெண்ணுக்குத் தாதி, ஆசிரியை, வீட்டாசிரியை என்னும் சில தொழில்களே திறந்திருந்த காலத்தில், உடற்பயிற்சி ஆசிரியை என்னும் புதிய தொழில் ஒன்று தோன்றிற்று. தன் தோளின் வலிமையாற் பெண் தன் சோற்றைத் தானே ஈட்டலாயினாள். பெண்கட்கு வாக்குரிமை வேண்டுமென்ற இயக்கத்தையும் அம்மையார் ஆதரித்தார்.

அவர் கருத்துகள் அனைத்தையும் ஏற்கவேண்டும் என்பதில்லை. பெண் வலிமை பெற்றால் வலிய மக்களைப் பெறுவாள், அதனால் இனம் உயரும் என்று அவர் அடிக்கடி கூறிவந்தார். அக்காலத்து அறிஞர் பலர் இவ்வாறே பேசினர்; இனமேம்பாடு என்னும் அப்பேச்சு பின்னர் ஐரோப்பாவில் எத்துணைக் கொடுமைக்கு இடந்தந்தது என்பதை வரலாறு படித்தோர் அறிவர். தாய்மைக்காகவே பெண் வலிமை பெறவேண்டும் எனின், மாட்ஸ்லியின் கூற்றும் அம்மையாரின் கூற்றும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களாகிவிடும். ஒருவர் தாய்மை கெடும் என்று தடுத்தார். மற்றவர் தாய்மை சிறக்கும் என்று ஏவினார். பெண்ணின் முதுகு முதலில் அவளுடையது என்று இருவரும் கூறவில்லை. அம்மையார் வாயாற் கூறாததை அவர் கல்லூரிக் கூடம் கூறிற்று என்றே யான் கருதுகிறேன். கயிற்றின் உச்சியை அடைந்த பெண் அவ்வேளையில் எவர்க்கும் தாயாக அன்று, தானாகவே அங்கிருந்தாள்.

அவர் பயிற்சியாற் காட்டியதை இக்கால உடலியல் உறுதி செய்துள்ளது. பெண்ணுடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு ஆடவர் உடலினும் மிகக் குறைவு. ஆதலின் பயிற்சியால் வலிமை நன்கு கூடினும், தசை ஆடவர்க்குப்போற் பருப்பதில்லை. வலிமை வளரும் விகிதத்தில் இருபாலார்க்கும் பெரிய வேற்றுமை இல்லை. ஆண் பெண் இருவர்க்கும் இடையிலுள்ள வலிமை வேற்றுமை காலினும் தோளிலும் கையிலுமே மிகுதி. எனவே, பயிற்சி வேண்டாம் என்று பெண்ணுக்கு விலக்கப்படும் இடமே அவளுக்குப் பயிற்சி மிகுதியும் வேண்டிய இடமாகின்றது. மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு விரைந்து தேய்வதும், மேல்முதுகு கூனுவதும் மருத்துவர் அறிந்தவை. தசைப்பயிற்சி அத்தேய்வைத் தணிக்கத் துணைசெய்யும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியில், வளர்ந்தோர் அனைவரும் வாரத்தில் இருநாட்களேனும் பெருந்தசைகள் அனைத்திற்கும் வலிமைப் பயிற்சி செய்தல் வேண்டுமென்று கூறுகின்றது. பெண்களுக்குத் தோளும் முதுகும் விலக்கு என்று அதில் இல்லை.

அம்மையார்க்கு மக்கட்பேறு இல்லை. கல்லூரியே அவர் செல்வம். உடல்நலம் குன்றிய இறுதிக் காலத்தில், அதனை எவர்க்கு விடுவது என்று எண்ணி, 1915-ல் அறங்காவலர் குழு ஒன்றை அமைத்து, நிலமும் மனையும் கூடமும் உட்படக் கல்லூரி முழுவதையும் தாம் பிறவாத அந்நாட்டிற்கே கொடையாக எழுதிவைத்தார். ஐரோப்பா முழுவதும் போர் மூண்டிருந்த காலம் அது. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் உயிர் நீத்தார். வயது 65. விடுமுறை கழிந்து கல்லூரி திறந்தபோது, புதிய மாணவியர் மடிப்புடை அணிந்து கூடத்திற்கு வந்து, படிச்சட்டத்தின்முன் வரிசையில் நின்றனர்.